ஒரே கலவை, ஒரே சூடு, வேறு விளைவு: எஃகின் பழைய நுண்ணமைப்பு செய்யும் வேலை

கேள்வி சுருக்கமாக இதுதான். 0.45% கார்பன் உள்ள எஃகுக் கம்பிகள் இரண்டு, ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை. ஒன்று அனீல் செய்தது (சூடாக்கி மெல்லக் குளிர வைத்தது). மற்றது குவென்ச் செய்து (சட்டென்று குளிர்வித்து) டெம்பர் செய்தது (மிதமான சூட்டில் மறுபடி வைத்தது). இரண்டையும், மின்காந்தத்தால் சூடேற்றும் ஒரே இண்டக்‌ஷன் காயிலில், ஒரே பவரில், ஒரே நேரம் சூடாக்கித் தண்ணீரில் குவென்ச் செய்தால், இரண்டாவது சீராகக் கடினமாகிறது. முதலாவதில் கடினத்தன்மை இடத்துக்கு இடம் மாறுகிறது. "அட்டவணையில் ஏசி3 வெப்பநிலை 780 பக்கம்தான் இருக்கிறது, நான் 850 வரை ஏற்றினேன், பிறகு ஏன்?" என்பது கேட்டவரின் குழப்பம்.

அட்டவணையில் தப்பில்லை. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில்.

ஏசி1 என்பது சூடாக்கும்போது ஆஸ்டெனைட் (அதிகச் சூட்டில் வரும், கார்பனைக் கரைத்து வைத்திருக்கும் இரும்புப் படிக வடிவம்) தலைகாட்டும் வெப்பநிலை, ஏசி3 என்பது கடைசி ஃபெரைட்டும் (குறைந்த சூட்டில் இருக்கும், கார்பன் ஏறக்குறைய இல்லாத வடிவம்) மறையும் வெப்பநிலை. இவற்றைக் கணக்கிட இன்றும் பலர் எடுப்பது உலோகவியலாளர் ஆண்ட்ரூஸ் 1965-இல் தந்த சூத்திரங்களை. ஏசி1-க்கு 723-இல் தொடங்கி, மாங்கனீஸ் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10.7 டிகிரி கழி, நிக்கலுக்கு 16.9 கழி, சிலிக்கானுக்கு 29.1 கூட்டு, குரோமியத்துக்கு 16.9 கூட்டு என்று போகும். அதில் இருப்பதெல்லாம் கலவை. அந்த எஃகு உலைக்குள் நுழையும்போது பெர்லைட்டா (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் மாறி மாறித் தகடுகளாக அடுக்கியது), மார்ட்டென்சைட்டா (ஆஸ்டெனைட்டைச் சட்டென்று குளிர்வித்தால் வரும் கடினமான அமைப்பு), உருண்டைக் கார்பைடா (அதே கார்பைடு உருண்டைகளாகக் கிடப்பது) என்று கேட்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. மெதுவாகச் சூடாக்கும்போது அது பெரிய குறையாகத் தெரியாது. சில நொடிகளில் 850 டிகிரிக்குப் போகும் இண்டக்‌ஷனில் அதுதான் முழுக் கதை. எந்த வெப்பநிலையில் ஆஸ்டெனைட் உருவாக முடியும் என்பதைக் கலவை சொல்லும். எவ்வளவு நேரத்தில் உருவாகி முடியும் என்பதைப் பழைய நுண்ணமைப்புதான் சொல்லும்.

குளிர்விக்கும்போது நடப்பதை எல்லோரும் படித்திருப்போம், மாற்றத்துக்கு ஆகும் நேரத்தை வெப்பநிலைக்கு எதிரே வரைந்தால் வரும் அந்த சி வடிவ வளைவு. வெப்பநிலை குறையக் குறைய மாற்றத்துக்கான உந்துதல் கூடும், அணுக்களின் நடமாட்டம் குறையும், இரண்டுக்கும் நடுவே ஒரு மூக்கு, அதாவது மாற்றம் மிக வேகமாக நடக்கும் இடம், வரும். சூடாக்கும்போது அந்த மூக்கே கிடையாது. மேலே போகப் போக உந்துதலும் கூடுகிறது, பரவலும் வேகமாகிறது. அதனால் ஆஸ்டெனைட் உருவாவதைத் தடுத்து நிறுத்துவது கடினம், தாமதப்படுத்தத்தான் முடியும். தாமதம் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருகிறது: கார்பன் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதால்.

இதை ஒரு தோராயக் கணக்கில் பார்த்துவிடலாம், வார்த்தைகளைவிட அது தெளிவு. 750 டிகிரியில் ஆஸ்டெனைட்டுக்குள் கார்பனின் பரவல் கெழு நொடிக்குச் சுமார் 0.6 சதுர மைக்ரான். தூரத்தின் வர்க்கத்தை இதால் வகுத்தால் ஆகும் நேரம் ஏறத்தாழக் கிடைக்கும். மெல்லிய பெர்லைட்டில் தகட்டுக்குத் தகடு இடைவெளி 0.2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். கார்பன் போக வேண்டியது அதில் பாதி, 0.1 மைக்ரான். நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கார்பைடு உருண்டைகளாக மூன்று மைக்ரான் இடைவெளியில் கிடந்தால், பாதித் தூரம் 1.5 மைக்ரான், நேரம் நான்கு நொடி. 20 மைக்ரான் அகலமுள்ள ஃபெரைட் கிரெயின் (ஒரே படிகமாக உள்ள துணுக்கு) ஒன்று, அதன் மையம் வரை 10 மைக்ரான். நேரம் கிட்டத்தட்ட மூன்று நிமிடம்! இதே ஃபெரைட் கணக்கை 900 டிகிரியில் போட்டால், பரவல் பத்து மடங்கு வேகமாகிவிடுவதால், பதினேழு நொடி பக்கம் வரும். இதெல்லாம் துல்லியமான விடைகள் அல்ல. உண்மையில் 0.45% கார்பன் எஃகில் 750 டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஃபெரைட் முழுதாகக் கரையாது, ஏனென்றால் அது ஏசி3-க்குக் கீழே. ஆனால் நூறில் ஒரு பங்கு நொடிகளுக்கும் நிமிடங்களுக்கும் உள்ள இந்த வித்தியாசம் கலவையால் வரவில்லை, அமைப்பால் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி ஒவ்வொரு அமைப்பாக.

பெர்லைட்தான் எளிது. ஃபெரைட்டும் சிமென்டைட்டும் (இரும்புக் கார்பைடு) ஒட்டி நிற்கும் ஒவ்வொரு எல்லையும் ஆஸ்டெனைட் முளைக்கக்கூடிய இடம், ஏனென்றால் தேவையான கார்பன் பக்கத்திலேயே இருக்கிறது. அதிலும் பெர்லைட் திட்டுகள் ஒன்றையொன்று சந்திக்கும் ஓரங்களில் முளைப்பு அதிகம். முளைத்தது தகடுகளின் வழியே விறுவிறுவென ஓடும். ராபர்ட்ஸ், மெல் இருவரும் 1943-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று. தகட்டு இடைவெளி குறையும்போது முளைப்பும் கூடுகிறது, வளர்ச்சியும் வேகமாகிறது. அதனால் மெல்லிய பெர்லைட்டிலிருந்து வரும் ஆஸ்டெனைட் கிரெயினும் தொடக்கத்தில் பொடியாகத்தான் இருக்கும்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பெர்லைட்டில் முதலில் தீர்ந்துபோவது ஃபெரைட். அது மறைந்த நொடியில் சிமென்டைட் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுவும் கரைந்த பிறகும், முன்பு தகடு இருந்த இடத்தில் கார்பன் கூடுதலாகவும், நடுவில் குறைவாகவும் இருக்கும். ஆக ஃபெரைட் மறைதல், கார்பைடு கரைதல், கார்பன் சமமாதல் என்று மூன்று கட்டம். 'ஆஸ்டெனைட் ஆகிவிட்டது' என்று நாம் சொல்வது முதல் கட்டத்தை மட்டும். குவென்ச் செய்த பின் கிடைக்கும் மார்ட்டென்சைட்டின் தரத்தை மற்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. மிக வேகமாகச் சூடாக்கிக் குளிர்வித்த துண்டை எட்ச் செய்து (அமிலத்தால் லேசாக அரித்து அமைப்பை வெளிக்காட்டி) பார்த்தால், மார்ட்டென்சைட்டுக்குள் பழைய பெர்லைட்டின் வரிகள் நிழல்போல் தெரிவதுண்டு. அதைப் பேய் பெர்லைட் என்றே சொல்வார்கள். பெர்லைட் அங்கே இல்லை, அதன் கார்பன் வரைபடம் மட்டும் இருக்கிறது.

இப்போது கேட்டவரின் அனீல் செய்த கம்பிக்கு வருவோம். அதில் பெர்லைட்டும் உண்டு, பெரிய பெரிய ஃபெரைட் கிரெயின்களும் உண்டு. சூடேறும்போது பெர்லைட் பகுதி முதலில் மாறிவிடுகிறது, அங்கே கார்பன் ஏறக்குறைய 0.7% அளவில் இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஃபெரைட்டில் கார்பன் கிட்டத்தட்டப் பூஜ்யம், அதிகபட்சமே 0.02% தான். அந்த ஃபெரைட்டை ஆஸ்டெனைட் தின்ன வேண்டுமானால் கார்பன் பெர்லைட் இருந்த இடத்திலிருந்து பத்து, பதினைந்து மைக்ரான் நடந்து வர வேண்டும். இண்டக்‌ஷன் அதற்கு நேரம் தருவதில்லை. வெப்பநிலை 910 டிகிரிக்கு மேல் போனால் கார்பன் இல்லாத ஃபெரைட்கூடத் தானாகவே ஆஸ்டெனைட் ஆகும், ஆனால் அப்படி வந்த ஆஸ்டெனைட்டிலும் கார்பன் இருக்காது, குவென்ச் செய்தால் மென்மையாகவே நிற்கும்.

இதை நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) எட்ச் செய்து ஐநூறு மடங்கில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சாம்பல் நிற மார்ட்டென்சைட்டுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஃபெரைட் தீவுகள், ஓரம் வழுவழுவென்று வட்டமாகத் தேய்ந்து. அந்த வட்டமான ஓரம் முக்கியம். குளிரும்போது புதிதாக வந்த ஃபெரைட் பெரும்பாலும் பழைய ஆஸ்டெனைட் கிரெயின் எல்லையில் மெல்லிய வலை மாதிரி படியும். கரையாமல் மிஞ்சியது திட்டுத் திட்டாகக் கிடக்கும். முதலாவது என்றால் குளிர்விப்பைக் குறை சொல்லுங்கள், இரண்டாவது என்றால் சூடாக்கியதை. நுண்கடினத்தன்மைச் சோதனையில் ஊசி எந்தத் திட்டில் இறங்குகிறதோ அதற்கேற்ப எண் ஏறி இறங்கும், அதுதான் அவர் பார்த்த தாறுமாறு. மென்மை மேற்பரப்புத் தோலில் மட்டும் சீராக இருந்தால் சந்தேகம் கார்பன் இழப்பின் மேல் போக வேண்டும், அது வேறு வியாதி.

குவென்ச், டெம்பர் செய்த கம்பியில் கார்பைடு மிகப் பொடியாக எல்லா இடத்திலும் தூவிக் கிடக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் ஒரு மைக்ரானுக்குள் கார்பன் இருக்கிறது. அதனால்தான் இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்கு அதுவே நல்ல தொடக்கம், அடுத்து நார்மலைஸ் செய்தது (சூடாக்கிக் காற்றில் குளிர வைத்தது), கடைசியில் அனீல் செய்தது. அனீல் செய்ததையே பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தால் வெப்பநிலையை நூறு டிகிரி வரைகூட ஏற்றிக் கொடுக்க வேண்டி வரலாம். அப்போது மேற்பரப்பில் கிரெயின் பருக்கும், கோணலும் விரிசலும் வரும் வாய்ப்பு கூடும். எனக்கு அது பிடித்த வழி அல்ல. பவரைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது, அல்லது முன்சூடு ஒன்று கொடுப்பது மேல். அதைவிட மேல், பாகத்தை முதலிலேயே நார்மலைஸ் செய்து வாங்குவது.

உருண்டைக் கார்பைடு உள்ள எஃகு இதற்கு நேர் எதிர்ப் பாத்திரம். இயந்திரத்தில் கடைய அதுதான் சுகம், சூடாக்கத்தான் சோம்பேறி. இங்கே எல்லாக் கார்பைடும் முளைப்பிடம் ஆவதில்லை. மாற்றம் தொடங்கும் வெப்பநிலையைக் கொஞ்சமே தாண்டியிருக்கும்போது, ஃபெரைட் கிரெயின் எல்லையில் உட்கார்ந்திருக்கும் கார்பைடுகளில்தான் ஆஸ்டெனைட் முதலில் பிறக்கிறது. கிரெயினுக்குள் கிடப்பவை காத்திருக்கின்றன. பிறந்த ஆஸ்டெனைட் கார்பைடைச் சுற்றி ஓடு மாதிரி மூடிக்கொள்ளும். அதன் பிறகு உள்ளே இருக்கும் கார்பன் வெளியே வர அந்த ஓட்டைக் கடந்தாக வேண்டும். ஃபெரைட்டில் கார்பன் ஓடும் வேகத்தோடு ஒப்பிட்டால் ஆஸ்டெனைட்டில் அது 750 டிகிரியில் எண்பதில் ஒரு பங்குதான். ஓடு தடிக்கத் தடிக்கக் கரைதல் இன்னும் மந்தமாகும்.

ஆனால் இந்த மந்தத்தையே வேண்டி வாங்கும் இடமும் உண்டு. 52100 என்ற பேரிங் எஃகில் 1% கார்பன், 1.5% குரோமியம். அதை 850 டிகிரி பக்கம் வைத்து எண்ணெயில் குவென்ச் செய்யும்போது கார்பைடு முழுதும் கரையக் கூடாது. கொஞ்சம் மிஞ்ச வேண்டும், தேய்மானத்துக்கும் கிரெயினைப் பிடித்து வைப்பதற்கும். கரைந்த கார்பன் 0.6 முதல் 0.7% வரை நின்றால் போதும். இதே 850-ஐ, இதே நேரத்தை, மெல்லிய பெர்லைட் நிலையில் இருக்கும் 52100-க்குக் கொடுத்துப் பாருங்கள். கார்பைடு வேகமாகக் கரைந்து, ஆஸ்டெனைட்டில் கார்பன் எகிறி, மார்ட்டென்சைட் தொடங்கும் வெப்பநிலை கீழே போய், மாறாத ஆஸ்டெனைட் நிறைய மிஞ்சிவிடும். சூடாக்கும் விதிமுறையில் ஒரு எழுத்தும் மாறவில்லை, பேரிங் மட்டும் கெட்டுவிட்டது. எனவே வேகமாக மாறும் அமைப்பே நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் சூடாக்கும் முறை எந்தத் தொடக்க நிலைக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த நிலை இருக்கிறதா என்பதே கேள்வி.

இதுவரை கார்பனை மட்டும் பேசினோம். மாங்கனீஸ், குரோமியம் இரண்டும் கார்பைடுக்குள் போய்ச் சேரப் பிரியப்படுபவை. 650, 700 டிகிரியில் நீண்ட நேரம் டெம்பர் செய்தாலோ உருண்டையாக்கும் அனீல் செய்தாலோ அவை சிமென்டைட்டில் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். பார்வைக்கு அதே அளவு கார்பைடு, ஆனால் உள்ளே இருப்பது வேறு. இத்தகைய கார்பைடு கரையும்போது அதன் எல்லையில் குரோமியம் தேங்கி நின்று கார்பனையும் இழுத்துப் பிடிக்கும், வெளியே தள்ளும் சரிவு தட்டையாகிவிடும். குறைந்த வெப்பநிலையில், மாங்கனீஸோ குரோமியமோ நகர்ந்தால்தான் ஆஸ்டெனைட் வளரும் என்ற நிலைகூட வரும். ஆஸ்டெனைட்டில் மாங்கனீஸின் நடமாட்டம் கார்பனைவிடப் பத்து லட்சம் மடங்கு அளவில் மெது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் அவை இடம் மாறாமலே மாற்றம் நடந்துவிடும், அப்போது கார்பன் மட்டும் ஓடினால் போதும், வேகம் ஒரேயடியாக எகிறும். அந்த எல்லை வெப்பநிலையும் நிலையானதல்ல. முந்தைய டெம்பரில் எவ்வளவு மாங்கனீஸ் கார்பைடுக்குள் போனது என்பதைப் பொறுத்து நகரும். டெம்பர் நேரத்தை ஒரு மணியிலிருந்து ஒரு நாளாக்கினால் அடுத்த சூடாக்கலும் மாறுகிறது என்பதன் காரணம் இது.

மார்ட்டென்சைட்டிலிருந்து தொடங்குவது எனக்கு எல்லாவற்றிலும் சுவையான பகுதி. ஏனென்றால் ஆஸ்டெனைட் பிறக்கும் வெப்பநிலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மார்ட்டென்சைட்டாகவே இருப்பதில்லை. வழியிலேயே டெம்பர் ஆகிவிடுகிறது: 100 முதல் 200 டிகிரிக்குள் மிக நுண்ணிய கார்பைடு, 200 முதல் 300 வரை மிச்ச ஆஸ்டெனைட் சிதைவு, அதற்கு மேல் சிமென்டைட், கலப்பு உலோகங்கள் இருந்தால் 500-க்கு மேல் அவற்றின் கார்பைடுகள். மெதுவாக ஏற்றினால் இத்தனையும் நடந்து, கார்பைடு பருத்து, 727 டிகிரிக்கு வரும்போது கையில் இருப்பது கிட்டத்தட்ட உருண்டைக் கார்பைடு அமைப்பு. வேகமாக ஏற்றினால் இவற்றுக்கு நேரமில்லை. ஆக சூடேற்றும் வேகமே தொடக்க அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறது.

அப்புறம் கிரெயின் விஷயம். மார்ட்டென்சைட்டின் பட்டைகளுக்கு இடையே ஊசி ஊசியாக ஆஸ்டெனைட் முளைக்கலாம், அல்லது பழைய ஆஸ்டெனைட் கிரெயின் எல்லையில் உருண்டையாக முளைக்கலாம். சாதாரணக் கார்பன் எஃகில் உருண்டை வகைதான் மேலோங்கும், நிறைய முளைக்கும், கிரெயின் பொடியாகும். திரும்பத் திரும்ப வேகமாகச் சூடாக்கிக் குவென்ச் செய்து கிரெயினைச் சிறிதாக்கும் முறை இதை நம்பித்தான் இருக்கிறது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகில் கதை மாறலாம். பட்டைகளுக்கு இடையே முளைக்கும் ஊசிகள், அந்த மார்ட்டென்சைட்டோடு குறிப்பிட்ட கோண உறவில் பிறப்பதால், ஒரு பழைய கிரெயினுக்குள் பிறந்தவை எல்லாம் ஒரே திசை அமைப்போடு இருக்கும். வளர்ந்து ஒன்று சேர்ந்தால் அவற்றுக்கு நடுவே எல்லையே மிஞ்சாது. பழைய பெரிய கிரெயின் அப்படியே உயிர்த்தெழும். ஒருமுறை அதிகச் சூட்டில் கிரெயின் பருத்துப்போன பெரிய ஃபோர்ஜிங்கை (சூட்டில் அடித்து உருவாக்கிய பாகத்தை) மறுபடி சூடாக்கியும் அது சரியாகவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். சோவியத் உலோகவியலாளர் சதோவ்ஸ்கி இதைக் கட்டமைப்பு மரபு என்ற பெயரில் விரிவாக ஆராய்ந்தார். விசித்திரம் என்னவென்றால், இத்தகைய எஃகில் மிக மெதுவாகச் சூடாக்கினாலும் மிக வேகமாகச் சூடாக்கினாலும் பழைய கிரெயின் திரும்பி வரும், நடுத்தர வேகத்தில்தான் கிரெயின் பொடியாகும். மருந்து இரண்டு. ஏசி3-ஐத் தாண்டி இன்னும் நன்றாக மேலே போய், மாற்றத்தின்போது உள்ளே சேர்ந்த குறைபாடுகளின் உதவியால் ஆஸ்டெனைட்டைப் புதிதாகப் படிகமாக வைப்பது. அல்லது முதலில் ஃபெரைட்-பெர்லைட்டாக மாற்றி அந்தத் திசை நினைவை அழித்துவிட்டு, பிறகு ஹார்டன் செய்வது. இரண்டாவது நேரம் பிடிக்கும், ஆனால் நம்பகமானது.

குளிர் உருட்டல் செய்த தகடுகளில் இன்னொரு போட்டி நடக்கிறது. நசுங்கிய ஃபெரைட் மறுபடிகமாக வேண்டும் (புதிய, நசுங்காத கிரெயின்களாக மாற வேண்டும்), ஆஸ்டெனைட்டும் உருவாக வேண்டும். மெதுவாகச் சூடாக்கினால் முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். வேகமாகச் சூடாக்கினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், நசுங்கிய ஃபெரைட்டில் ஆஸ்டெனைட் சீக்கிரம் பிறந்து, நீண்ட பட்டைகளாக உருட்டிய திசையிலேயே வரிசை கட்டும். இரட்டைக் கட்ட எஃகுத் தகடுகளில் (ஃபெரைட்டும் மார்ட்டென்சைட்டும் கலந்தவை) மார்ட்டென்சைட் பட்டை பட்டையாக வருவதன் ஒரு காரணம் இது.

உங்கள் எஃகில் எது நடக்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால் டைலட்டோமீட்டர் நல்ல கருவி. 4 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் நீளத்தில் சின்ன உருளை, சூடேறச் சூடேற நீளத்தை அளக்கும். ஆஸ்டெனைட்டில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்படுவதால், மாற்றம் தொடங்கியதும் நீண்டுகொண்டே வந்த துண்டு சுருங்கும். குவென்ச், டெம்பர் செய்த துண்டில் வளைவு ஒரே சரிவாக இறங்கிவிட்டு மறுபடி ஏறும். ஃபெரைட்-பெர்லைட்டில் முதலில் ஒரு செங்குத்தான இறக்கம், அது பெர்லைட். பிறகு ஒரு முட்டி மடக்கி, நீண்ட சோம்பலான சரிவு, அது ஃபெரைட். அந்த இரண்டாம் சரிவு எங்கே முடிகிறது என்பதே உங்கள் சூடேற்றும் வேகத்துக்கான உண்மையான ஏசி3, அட்டவணை எண் அல்ல. ஆய்வகத்தில் கொடுக்கும்போது துண்டின் முந்தைய நிலையை எழுதிக் கொடுங்கள். வந்த அறிக்கையில் அது குறிக்கப்படாவிட்டால் அந்த எண்ணை வேறு கம்பிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

டைலட்டோமீட்டர் இல்லையென்றாலும் பரவாயில்லை. அடுத்த லாட் வந்ததும், காயிலுக்குள் போவதற்கு முன் ஒரு வில்லையை வெட்டி, பாலிஷ் செய்து, எட்ச் செய்து மூன்று விஷயம் பாருங்கள்: ஃபெரைட் திட்டு எவ்வளவு பெரிசு, பெர்லைட் தகடு எவ்வளவு நெருக்கம், அவை வரிவரியாக ஓடுகின்றனவா. சப்ளையர் சான்றிதழில் கலவை இருக்கும், இது இருக்காது. வில்லையை முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும், பாகம் சூடாகிக் குளிர்ந்த பிறகு தேடினால் அந்தத் தடயத்தில் பெரும்பகுதி அழிந்திருக்கும்.